‘ஃபேட்லெஸ்’: முதலில் நாவலா, படமா?

கேள்வி:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதமொருக்கா கூடிப் படம் பார்க்கிறனாங்கள். இந்த முறை 2005இல் வந்த ‘ஃபேட்லெஸ்’. ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸின் நாவல்தான் மூலம். 1944இல் புடாபெஸ்டில் பஸ்ஸால் இறக்கிப் பிடிக்கப்பட்ட 14 வயது யூதப் பெடியன் அவுஷ்விட்ஸ், புஹன்வால்ட் என்று நாஜி வதைமுகாம்களுக்குப் போய் உயிரோடு திரும்புகிற கதை. நாவலை ஒருவரும் வாசிக்கவில்லை. படத்தை முதல் பார்த்தால் வாசிக்கிற ருசி கெட்டுப்போகுமா?

பதில் 1:
கெடும். திரைக்கதையும் கெர்தேஸ் எழுதினதுதான், ஆனாலும் இயக்குநர் லாயோஷ் கோல்தாய் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், போகப் போக நிறமெல்லாம் வடிந்து கடைசியில் சாம்பல்தான் மிஞ்சும், அவ்வளவு வடிவு, எனக்கு அந்த வடிவுதான் பிரச்சினை. மேலே மொரிக்கோனேயின் இசை வேறு. படத்தில் அழுதேன். நாவல் அழவிடாது. அதில் பெடியன் எதைச் சொன்னாலும் ‘இயல்பாகவே’ என்று சேர்ப்பான். ஊர் திரும்பினபிறகு ஒரு பத்திரிகையாளர், இதிலெல்லாம் என்ன இயல்பு என்று கேட்க, முகாமில் அது இயல்புதான் என்கிறான். அந்தக் குரல் காதில் ஏறினபிறகு படத்தைப் போடுங்கோ.

பதில் 2:
அண்ணை, படத்தை இப்படித் தள்ளிவிடாதேங்கோ. கடைசியில் புடாபெஸ்ட் தெருவில் பொழுதுபடுகிற நேரம் அவனுக்கு முகாமின் அந்தப் பின்னேரம் நினைவு வந்து, ஒருவித ஏக்கம் வருகிறதே, அது படத்திலும் இருக்கு. அதில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன். 2009இல் எனக்கு 15 வயது, நாங்களும் முகாமில் இருந்தனாங்கள். (இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அங்கே கொல்வதற்கென்றே கொண்டுபோனார்கள்.) தண்ணி பவுசர் வரும்வரை கான்களை வரிசையில் வைத்துவிட்டு, மூடிகளைச் சுண்டி விளையாடுவோம். ஒருக்கா என் மூடி பக்கத்துக் கூடாரத்து அம்மாவின் சோற்றுக்குள் விழுந்து, அவவும் சிரித்தவ. பிறகு பேட்டி எடுக்க வந்தவரிடம் இதைச் சொன்னேன், அவர் எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு, வேறு ஏதும் நடந்ததா என்று கேட்டார்.

கேட்டவர்:
தங்கச்சி, இதை வாசித்தபிறகு எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. சரி, எங்களிடம் ஆங்கிலப் பிரதி ஒன்றுதான் இருக்கு. பஸ் வருகிற அத்தியாயத்தை ஒருவர் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்கட்டும், அப்புறம் படம். விருப்பமென்றால் நீங்களும் வாங்கோ.