சத்துவாச்சாரி வீடு குழு: தூக்கை எடுத்தாயா?

வெள்ளி இரவு

கவிதா: பெரியம்மா, நாளைக்கு பெங்களூரிலிருந்து லால்பாக் ரயிலில் வருகிறோம். காட்பாடி காந்தி நகரில் ஒரு ராத்திரிக்கு அப்பார்ட்மென்ட் எடுத்திருக்கிறோம். படம் பாருங்கள்.

பிரபு: செம அக்கா! வெள்ளை சோபா, வெள்ளைத் திரை, மூங்கில் கூடை மாதிரி விளக்கு. காட்பாடி மாதிரியே இல்லை.

பெரியம்மா: வேலூரில் உனக்கு வீடு இல்லையா?

கவிதா: உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றுதான்...

பெரியம்மா: கோட்டைக் கோயில் சாமி இல்லாமல் கிடந்தபோது லிங்கம் நம் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981இல்தான் திரும்பக் கொண்டுபோனார்கள். ஜலகண்டேஸ்வரருக்கே இடம் கொடுத்த ஊரில் உனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இல்லையா?

பெரியப்பா: வாடகை எவ்வளவு?

கவிதா: 2,800. பெருக்கித் துடைக்க 400 தனி.

பெரியம்மா: 400ஆ! என்னிடம் கொடு, நான் துடைக்கிறேன்.

சனி

கவிதா: வந்துவிட்டோம். ஆனால் இரண்டு மணிக்குத்தான் செக்-இன்னாம். கதவில் சாவித் துவாரமே இல்லை, நம்பர் அழுத்தும் பெட்டி. அந்த நம்பரும் அப்போதுதான் வருமாம். பையோடு வாசலில் நிற்கிறோம். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மா: சாப்பிட வாங்க.

பிரபு: அக்கா, அம்மா ராத்திரியே ஐந்து பேர் கணக்குப் போட்டாயிற்று. இலவம்பாடி முள் கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்க வைத்தார்கள்.

பெரியப்பா: பகல் 2 முதல் மறுநாள் 11 வரை என்றால் 21 மணி நேரம்தான். ஒரு நாள் வாடகையில் 3 மணி நேரம் அவர்களுக்கே லாபம்.

கவிதா (3:40): ஒருவழியாக உள்ளே வந்துவிட்டோம். வீடு நிஜமாகவே அழகு, ஏசி குளுகுளு. 'கோட்டை தெரியும் வீடு' என்று போட்டிருந்தார்கள். தெரிகிறது, கட்டிலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பால்கனியில் நின்றால் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி.

ஆற்காடு சித்தி: சமையலறை எப்படி?

கவிதா: ஒயின் கிளாஸ் ஆறு இருக்கிறது. டம்ளர் ஒன்றுகூட இல்லை. இண்டக்ஷன் அடுப்பு உண்டு, இடுக்கி இல்லை. காபி ஃபில்டரும் இல்லை.

ஆற்காடு சித்தி: இடுக்கி இல்லாமல் பாலை எப்படி இறக்குவார்கள்?

பிரபு: சித்தி, அங்கே யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள்.

பெரியம்மா (9:10): இட்லியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். சோபாவில் கறை பட்டால் 1,500 பிடிப்பார்களாம். எல்லோரும் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். சோபா பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா: கவிதா, நாளைக்குக் காலை ஏழு மணிக்குள் கோட்டைக்குப் போய்விடுங்கள். கல்யாண மண்டபத்தில் குதிரையும் யாளியும் பாய்கிற தூண்களை நிதானமாகப் பாருங்கள். அப்புறம், அந்தக் கோட்டையில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளம்பியது 1806 ஜூலை 10. 1857 கலகத்துக்கு 51 வருடம் முன்னால். புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக்குறி இடாதே என்றால் யார் கேட்பார்கள்? மாப்பிள்ளைக்கும் சொல்.

பெரியம்மா: தூங்க விடுங்கள் அவர்களை.

ஞாயிறு

கவிதா: கோட்டை முடித்தோம். ஸ்ரீபுரம் பொற்கோயில் போகலாமா?

பிரபு: இந்த வெயிலில் வேண்டாம் அக்கா. அந்த நட்சத்திர நடைபாதை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அடுத்த தடவை சாயங்காலமாகப் போகலாம்.

கவிதா (11:15): சரி, வீட்டைக் காலி செய்தாயிற்று. ரயில் சாயங்காலம்தான், அங்கே வருகிறோம்.

பெரியம்மா: தூக்கை எடுத்தாயா?

கவிதா: ஐயோ. கழுவி சிங்க் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.

கவிதா: திரும்பி வந்து நம்பரை அழுத்தினேன். சிவப்பு விளக்குதான் எரிகிறது. 11 மணியோடு நம்பரை மாற்றிவிட்டார்கள். துடைக்க வருகிறவர் ஒரு மணிக்குத்தான் திறப்பாராம்.

பெரியம்மா: அது எங்கள் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது. மூடியில் பெயர் வெட்டியிருக்கும். நீங்கள் வெயிலில் நிற்காமல் வாங்க, பிரபு போவான்.

பிரபு (1:20): தூக்கு கிடைத்தது. துடைக்க வந்த அக்கா நம் பின் தெருவாம். மூடியில் பெயரைப் பார்த்ததுமே யார் வீட்டுது என்று தெரிந்ததாம். அந்த 400இல் அவர் கைக்கு 150தான் வருகிறதாம்.

பெரியம்மா: அநியாயம். சாப்பிட்டாளா என்று கேட்டாயா?

பிரபு: கேட்டேன். கவிதா அக்கா ஃபிரிட்ஜில் விட்டுவிட்டு வந்த கத்தரிக்காயைத்தான் சாப்பிட்டாராம். உப்பு கொஞ்சம் தூக்கலாம்.