கொரோனா காலத்துத் தமிழ் வதந்திகளை எண்ணுவது: சறுக்கும் இடங்கள்

தொடங்கியவர்:
2020, 2021 தமிழ்ப் பதிவுகளைத் திரட்டி "எவ்வளவு வதந்தி ஓடியது" என்று கணக்குச் சொல்லும் ஆய்வுகளில் கடைசி வரைபடம் பளிச்சென்று இருக்கும். அடியில் இருக்கும் எண்ணிக்கைதான் பல நேரம் ஆட்டம் காணும். எந்தப் படியில் தப்பு நுழைகிறது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு ஆகிற விவரம் போதும்.

எழுத்தெண்ணி:
முதல் தப்பு சொல்லைப் பிரிக்கும்போதே நடக்கிறது. பைத்தான் நிரல்மொழியில், சொற்களைப் பிரித்து எண்ணித் தரும் சைகிட்-லேர்னின் கவுன்ட்வெக்டரைசரை எந்த மாற்றமும் செய்யாமல் தமிழில் ஓட்டினால் ‘தடுப்பூசி’ வெறும் ‘தட’ ஆகிவிடும். அதன் இயல்பு விதி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. குறி வந்த இடத்தில் எல்லாம் வெட்டும், வெட்டியதில் ஓரெழுத்துத் துண்டுகளை எறிந்துவிடும். ‘தடை’யும் ‘தட’, ‘தடுமாற்றம்’ என்பதன் தலைத்துண்டும் ‘தட’. ஊரடங்குத் தடையைப் பற்றிப் புலம்பியவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் ஒரே குவியலில் விழுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. வெற்றிடத்தையும் நிறுத்தற்குறியையும் மட்டும் வைத்துப் பிரிக்கும் விதியை நீங்களே எழுதிக் கொடுங்கள், போதும்.

இரண்டாவது, ‘கொரோனா’. இதில் வரும் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். ஓகாரக் குறிக்கும் அப்படியே. ஆக ஒரு சொல்லுக்கு நாலு வடிவம். திரையில் நாலும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் மூன்று நழுவும். திரட்டியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். தேடுசொல் பட்டியலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தேடுசொல்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேற்றுமை உருபுகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ‘தடுப்பூசி’ என்று தொடங்குவதை எல்லாம் எடு என்றால் தடுப்பூசியால், தடுப்பூசிக்கு எல்லாம் வந்துவிடும். சிக்கல் பேச்சுவழக்கில். ஜனங்கள் ‘ஊசி போட்டாச்சா’ என்றுதான் கேட்கிறார்கள். ‘ஊசி’யைச் சேர்த்தால் ஊசிப்போன சாம்பாரும் சேர்ந்து வரும். ‘ஊசி’க்குப் பின் மூன்று சொல்லுக்குள் ‘போட்’ அல்லது ‘குத்த’ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள், பெரும்பகுதி வடிந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் தனிக்கதை. தகரத்துக்கு ‘டி’ மட்டுமா, ‘டி, எச்’சா? பகரம் ஒற்றையா இரட்டையா? ஊகாரத்துக்கு ‘யூ’வா, இரண்டு ‘ஓ’வா? சகரத்துக்கு ‘எஸ்’ஸா, ‘சி’யா? ‘தடுப்பூசி’ என்ற ஒரு சொல்லுக்கே 16 எழுத்துக்கூட்டல். கையால் பட்டியல் போடாமல் பதிலீட்டு விதியால் உருவாக்குங்கள். பட்டியல் முடிந்ததும் அதைச் சோதிக்கவும் வேண்டும். சுகாதாரத் துறைச் செய்திகளுக்கு வந்த மறுமொழிகளில் குலுக்கல் முறையில் 500 எடுத்துக் கண்ணால் படியுங்கள். தொடர்புள்ளவற்றில் எத்தனையைப் பட்டியல் பிடிக்கிறது என்று எண்ணி, அந்த விகிதத்தைக் கட்டுரையில் எழுதுங்கள்.

குறியீட்டுக்காரர்:
‘பொய்’ என்று முத்திரை குத்துவதற்கு முன் தேதியைப் பாருங்கள். கிருமி காற்றில் பரவாது என்று 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே ட்விட்டரில் எழுதியது. சுகாதாரப் பணியாளர்கள் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை முன்கூட்டியே எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்னதும் அதே மார்ச்சில்தான். பிளாஸ்மா சிகிச்சை இந்திய வழிகாட்டுதலில் இருந்து நீக்கப்பட்டது 2021 மே 17. அதற்கு முந்தைய வாரம் பிளாஸ்மா தேடி எழுதியவரை வதந்திக் கணக்கில் வைப்பது அநியாயம். குறியீட்டு ஏட்டில் (எதை எப்படிக் குறிப்பது என்ற விதித்தொகுப்பு) ஒவ்வொரு கூற்றுக்கும் ‘பதிவான நாளில் அதிகாரபூர்வ நிலை’, ‘பின்னாளைய நிலை’ என்று இரண்டு நெடுவரிசை வையுங்கள்.

கபசுரக் குடிநீரில் அடிதடியே நடக்கும். தமிழ்நாடு அரசே 2020 ஏப்ரலில் ஆரோக்கியம் திட்டத்தில் அதைப் பரிந்துரைத்ததால், பெயர் வந்தாலே பொய் என்று குறிக்க முடியாது. ‘எதிர்ப்பு சக்திக்கு நல்லது’, ‘தொற்றே வராது’, ‘வந்த தொற்று குணமாகும்’ மூன்றும் மூன்று கூற்று. தனித்தனி எண் கொடுங்கள்.

அடுத்தது நக்கல். ‘கைதட்டினா கிருமி செத்துருமாம், கெளம்புங்கடா’ என்று வடிவேலு படத்தோடு வரும் பதிவை எந்திரம் வதந்தி என்றே எண்ணும். கூற்று, மறுப்பு, கேலி, கேள்வி என நாலு நிலைப்பாடு குறைந்தபட்சம் வேண்டும். கேள்வியைத் தனியாகப் பிரிக்காத ஆய்வை நான் நம்புவதில்லை, ‘இது உண்மையாங்க?’ என்று கேட்டவரைப் பொய் பரப்பியவராக்குவது ஆய்வே இல்லை.

இருவர் தனித்தனியாக 200 பதிவைக் குறித்துப் பார்த்து, அவர்களின் உடன்பாட்டை அளக்கும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா 0.80 தொட்டால் மேலே போகலாம். 0.667க்குக் கீழே என்றால் ஆளை மாற்றாதீர்கள், ஏட்டைத் திருத்துங்கள்.

ஐந்தரை:
சின்ன விஷயம். ட்விட்டர் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வரும். மாற்றாமல் நாள்வாரியாகக் கூட்டினால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை உள்ளவை முந்தைய நாளில் விழும். 2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கை ஒட்டி ‘14 மணி நேரம் வெளியே போகாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்’ என்று சுற்றிய செய்தியைப் போல ஓரிரு நாள் கூத்துகளில் இது முழு வரைபடத்தையும் நகர்த்திவிடும்.

மேடும் பள்ளமும்:
நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். மாரடைப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அந்த வாரம் ‘தடுப்பூசி’ சொல் எகிறும். ஆனால் அந்தக் குவியலில் அஞ்சலியும் இருக்கும், செய்திப் பகிர்வும் இருக்கும், அச்சமும் இருக்கும். மொத்த எண்ணிக்கையை வைத்து ‘தயக்கம் உயர்ந்தது’ என்று எழுதக் கூடாது. நாளுக்கு 300 வீதம் குலுக்கி எடுத்து நிலைப்பாடு குறித்து, விகிதத்தை ஒப்பிடுங்கள். முந்தைய நாலு வாரமும் கையில் இருந்தால்தான் மேடு எது என்றே தெரியும்.

பச்சை டிக்:
வாட்ஸப்பில் 2020 ஏப்ரல் 7க்குப் பின் ஒரு கட்டுப்பாடு வந்தது: ஐந்து கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம். அதன்பின், அப்படிப் பல கை மாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறிச் செய்திகள் குறைந்தால் வதந்தி குறைந்தது என்று பொருளல்ல. நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறியே போய்விடும். உரை ஒற்றுமையையும் பார்த்தாக வேண்டும்.

தொலைபேசி எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம் (கணக்கு விதியால் வேறு எழுத்துத்தொடராக மாற்றிவிட்டோம்), பாதுகாப்பு என்பார்கள். இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9இல் தொடங்கும் 10 இலக்கம். மொத்தமே 400 கோடி. எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு ஒரு கணினி எண்ணைக் கண்டுபிடித்துவிடும். தனியாகப் பூட்டி வைத்த இரகசியச் சாவியைச் சேர்த்து ஹாஷ் செய்யுங்கள், ஆய்வு முடிந்ததும் சாவியை அழித்துவிடுங்கள். பதிவை அப்படியே மேற்கோள் காட்டினாலும் ஆள் அகப்படுவார், தேடுபொறி போதும். கருத்தை வேறு சொற்களில் எழுதுங்கள்.

கறிக்கோழி:
வதந்தியின் விளைவைக் காட்ட நாமக்கல் முட்டை விலையைப் பலர் எடுக்கிறார்கள். கோழி சாப்பிட்டால் கொரோனா என்ற செய்தி சுற்றிய 2020 பிப்ரவரி, மார்ச்சில் விலை சரிந்தது உண்மை. ஆனால் அதே மார்ச்சில் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சலும் உறுதியானது, மாதக் கடைசியில் ஊரடங்கும் வந்தது. மார்ச் முதல் வாரத்துக்கு முன்பான சரிவை மட்டும் வெட்டி எடுத்தால் கொஞ்சம் பேசலாம்.

எழுத்தெண்ணி:
பழைய ட்வீட் அடையாள எண்களை வைத்து இப்போது மீட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2023இல் ட்விட்டர் தரவை எடுக்கும் இலவச வழி அடைபட்டது. ஃபேஸ்புக் பதிவுகளைத் திரட்ட இருந்த கிரவுட்டாங்கிள் கருவியும் 2024 ஆகஸ்ட் 14இல் மூடப்பட்டது. இன்னொன்று, நீக்கப்பட்டவை சீராக நீக்கப்பட்டவை அல்ல. தளமே தேடித் தேடி எடுத்தது தவறான பதிவுகளைத்தான். தாமதமாகத் திரட்டிய தரவில் வதந்தி குறைவாகத் தெரியும். திரட்டிய தேதியைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.