மழை வந்தால் ஏ–பி என்று தாவும் 1:1 மோடம் சுவிட்ச், கேபிளைக் கழற்றினால் அசையவில்லை. ஏன்?

கேள்வி: சாட்டிலைட் லிங்க்குக்கு எல்-பேண்ட் மோடம் இரண்டு (ஏ, பி), நடுவில் 1:1 ரிடன்டன்சி சுவிட்ச் (ஒன்று பழுதானால் மற்றதுக்கு மாற்றுவது). ஏ-யின் பவரை அணைத்தால் பி உடனே ஆன்லைன் வருகிறது. எல்என்பி (ஆன்டெனாவில் சிக்னலை வாங்கும் கருவி) கேபிளைக் கழற்றினால் சுவிட்ச் அசைவதே இல்லை. ஆனால் மழையில் மட்டும் ஏ, பி, ஏ என்று தாவிக்கொண்டே இருக்கிறது. தாவிய பிறகு கேரியர் சீக்கிரம் வந்தாலும் பிங் அரை நிமிடம் போல வருவதில்லை. சுவிட்ச் போய்விட்டதா?

பதில் 1: சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. மோடத்தின் அலாரம் ரிலே சொல்வதைத்தான் அது கேட்கும். அந்த ரிலே நல்ல நிலையில் பிக்கப் ஆகியே (மின்சாரத்தில் இழுபட்டே) இருக்கும். ஃபால்ட் வந்தாலும் பவர் போனாலும் டிராப் ஆகும். முதல் சோதனை பலித்தது அதனால்.

டிரான்ஸ்மிட் பக்கம் ரிலே உண்டு: ஆன்லைன் மோடம் பியுசிக்கு (ஆன்டெனாவில் சிக்னலை அனுப்பும் கருவி), மற்றது 50 ஓம் லோடுக்கு. ரிசீவ் பக்கம் வெறும் ஸ்பிளிட்டர். சுமார் 3.5 டிபி இழப்போடு சிக்னல் இரண்டுக்கும் எப்போதும் போகிறது. அதற்கு முன்னால் கேபிளைக் கழற்றினால் இரண்டு டிமாடும் (மோடத்தின் ரிசீவ் பகுதி) லாக் விடும், அதாவது சிக்னல் பிடியை இழக்கும். பி-யும் ஃபால்ட்டில் இருக்கும்போது சுவிட்ச் எங்கே மாறும்? ஸ்பிளிட்டருக்கும் ஏ-வுக்கும் இடையிலான கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எல்என்பிக்கான வோல்ட்டேஜ் அந்தக் கேபிள் வழியாக மட்டும் போனால் எல்என்பி அணைந்து பி-யும் கூடவே விழும். பி-யின் மெனுவில் எல்என்பி பவர் ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2: மழையில் இரண்டு டிமாடும் லாக் விளிம்பில் நிற்கும். ஏ கொஞ்சம் முன்னதாக லாக்கை விடும், பி பிடித்திருக்கும், சுவிட்ச் மாறும். அடுத்த நொடி நிலைமை தலைகீழ். ஃபால்ட் ஹோல்ட்-ஆஃபை (ஃபால்ட் வந்தபின் மாறுமுன் காத்திருக்கும் நேரம்) 10 வினாடிக்கு ஏற்றுங்கள், ஆட்டோ-ரிட்டர்னை (தானாகப் பழைய மோடத்துக்குத் திரும்புவது) அணையுங்கள். ரிசீவ் அலாரத்தையே மாஸ்க் செய்ய (சுவிட்ச்சுக்குத் தெரியாமல் மறைக்க) சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, டிமாட் நிஜமாகவே செத்தாலும் சுவிட்ச் தூங்கிக்கொண்டிருக்கும்.

வானம் தெளிவாக இருக்கும்போது இரண்டின் ஈபி/என்ஓ (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தரம்) எவ்வளவு?

கேள்வி கேட்டவர்: ஏ 7.1 டிபி, பி 8.4 டிபி.

பதில் 2: 1.3 டிபி வித்தியாசம் அதிகம். ஒரே ஸ்பிளிட்டரில் இருந்து வரும் சிக்னல் இது. மோடம் முனையில் இரண்டு ரிசீவ் கேபிளையும் மாற்றிச் செருகுங்கள். குறைவு பி-க்குப் போனால் கேபிள், கனெக்டர் அல்லது ஸ்பிளிட்டர் போர்ட். ஏ-யிலேயே நின்றால் டிமாட். கழற்றும் முன் எல்என்பி பவரை அணையுங்கள், நடுக்கம்பி உடம்பில் உரசி ஷார்ட் ஆகக்கூடாது. லிங்க் விழும், நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

பதில் 3: பிங் அரை நிமிடம் வராததற்கு ஆர்எஃப் (ரேடியோ சிக்னல்) காரணமில்லை. பி-யின் லேன் போர்ட் அப் ஆனதும் ஈதர்நெட் சுவிட்ச்சில் பழைய ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுக்கும் நெறிமுறை) 15 வினாடி லிசனிங், 15 வினாடி லேர்னிங் என்று காக்க வைக்கும். மோடம் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் செட்டிங்) போடுங்கள். 5 நிமிடம் வரை இழுத்தால் அது வேறு: ஏ-யின் லேன் போர்ட் டவுன் ஆகாமல் மேக் டேபிள் (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்ற ஈதர்நெட் சுவிட்ச்சின் பட்டியல்) பழைய போர்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும், ஏஜிங் (பழைய பதிவு அழியும் நேரம்) வழக்கமாக 300 வினாடி.

கேள்வி கேட்டவர்: கேபிளை மாற்றியதும் குறைவு பி-க்குப் போனது. ஏ பக்க என்-டைப் கனெக்டரில் நடுப்பின் உள்வாங்கியிருக்கிறது. புதிதாகக் கிரிம்ப் செய்ததும் இரண்டும் 8.4, 8.3. போர்ட்ஃபாஸ்ட் போட்ட பிறகு பிங் 4 வினாடியில் வருகிறது.