ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம்: பழைய பேஸ் கிட்டார் பார்க்கப் போன அனுபவங்கள்

நாலுகம்பி, சூரமங்கலம்:

அம்மாபேட்டையில் ஒரு பெரியவர், மெல்லிசைக் குழுவில் வாசித்து ஓய்ந்தவர், பிரசிஷன் பேஸ் என்ற மாடல் பேஸ் கிட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஃபெண்டர் நிறுவனத்துடையது, அமெரிக்காவில் செய்தது என்றார், விலை 60,000 ரூபாய். கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முகப்பில் நிறுவனச் சின்னம் பளிச்சென்று இருந்தது, விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. பாடி கொஞ்சம் மெல்லியதாகப் பட்டது. ஹெட்ஸ்டாக்கைத் திருப்பி, கைபேசி விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். வரிசை எண் இருந்த இடத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். அந்த மங்கலுக்குள் ஐ, சி, எஸ் என்ற மூன்று எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஐ என்றால் இந்தோனேசியா, சி என்றால் கோர்ட் ஆலை, எஸ் என்றால் ஸ்கொயர்: ஃபெண்டரின் மலிவு விலைப் பெயர்.

பெரியவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மேடை மேடையாக ஏறி இறங்கிய தேய்மானம், தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். பெங்களூரில் யாரிடமோ நம்பி வாங்கியிருக்கிறார். ஆடித் திருவிழா மேடையில் அதை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் சுவரில் தொங்குகிறது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பனிமூட்டம், ஏற்காடு:

எனக்கு வாய்த்தது ரிக்கன்பேக்கர், இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் பேஸ். இங்கே ஒரு விடுதியின் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நெக்கின் (கிட்டாரின் கழுத்து) தலைமாட்டில் 4003 என்று மாடல் எண் எழுதிய வெள்ளைத் தகடு, செக்கச்சிவந்த பாடி. உரிமையாளர் விலையைச் சொல்லிவிட்டு, "வெளிநாட்டு விருந்தினர் விட்டுப்போனது" என்றார். கழற்றி மடியில் கவிழ்த்தேன். நெக் சேரும் இடத்தில் நான்கு திருகாணி போட்ட இரும்புத் தகடு! 4003இல் நெக் மரம் பாடியின் கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓடும்; திருகாணிக்கு அங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்கு விடுதித் தையல்காரரிடம் நாடா வாங்கி அளந்தேன். நட்டிலிருந்து (நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை சரியாக 17 அங்குலம். இரண்டால் பெருக்கினால் அதிரும் கம்பியின் முழு நீளம் 34, அதாவது ஃபெண்டர் அளவு. ரிக்கன்பேக்கருக்கு 33¼ வர வேண்டும். அவர்கள் இன்றும் கலிஃபோர்னியாவில் மட்டும்தான் செய்கிறார்கள், வேறு நாட்டில் கிளை ஆலை கிடையாது. ஆகவே "இது சீனாவில் செய்த அசல்" என்ற சமாதானமும் எடுபடாது.

நான் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தையல்காரரை முறைத்தார், பாவம்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

நாலுகம்பி தம்பி, சின்னத்தின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டதையும் போலிக்குச் சாட்சியாகச் சேர்த்துவிட்டீர்கள். அது சாட்சியே அல்ல. அசல் ஃபெண்டர்களிலும் சிலவற்றில் சின்னம் பூச்சுக்கு மேலேதான் ஒட்டியிருக்கும். தேய்த்த எண், சரி. மெல்லிய பாடியும் சரி.

என் கதை சின்னது. 1977 ஜாஸ் பேஸ், ஃபெண்டரின் இன்னொரு மாடல், என்று ஒருவர் காட்டினார். நெக் தகட்டில் எஸ்7 என்று தொடங்கும் எண் வெட்டியிருந்தது. ஃபெண்டர் 1976இலேயே எண்ணைத் தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றிவிட்டது. எஸ் வரிசை எண்கள் அங்கேதான் இருக்க வேண்டும். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி எவரும் காசு எடுக்காதீர்கள். எண் வெட்ட ஐம்பது ரூபாய் போதும், எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார். இங்கே வெள்ளிக் கொலுசின் முத்திரையைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, உரைகல்லில் தேய்த்துத்தான் வாங்குவோம். பேஸுக்கு உரைகல் உள்ளே இருக்கிறது. கட்டுப்பாட்டுத் தகட்டைத் திறந்து குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின், சுருக்கமாகப் பொட், முதுகைப் பாருங்கள். பழைய அமெரிக்க ஃபெண்டர் என்றால் 137 என்றோ 304 என்றோ தொடங்கும் எண் பொறித்திருக்க வாய்ப்பு அதிகம். முன்னது சிடிஎஸ் நிறுவனம், பின்னது ஸ்டாக்போல். 137 66 12 என்றால் சிடிஎஸ், 1966ஆம் ஆண்டு, 12ஆம் வாரம். அது பாகம் செய்த தேதி; கிட்டார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க முடியும். எண் 1964 பேஸ் என்று சொல்லி உள்ளே 1966 பாகம் இருந்தால் ஒன்று மாற்றியிருக்கிறார்கள், அல்லது கதை விடுகிறார்கள். ஈயப் பற்றுகளையும் பாருங்கள்: பழையது மங்கியிருக்கும், நேற்று வைத்தது மின்னும். பொட் மாற்றியதாலேயே போலி ஆகிவிடாது, முப்பது நாற்பது வருடம் மேடை ஏறிய கருவியில் அது சாதாரணம். பிறகு கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அடிக்கட்டையில் பெரும்பாலும் தேதி முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். கழற்ற மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஏற்காட்டிலிருந்து வரும் கருவியில் துருவைக் காட்டிப் பழசு என்பார்கள். அந்தப் பனியில் இரண்டு மழைக்காலம் தொங்கினால் புதுத் திருகாணியும் தாத்தா ஆகிவிடும்.

பனிமூட்டம், ஏற்காடு:

அண்ணா, ஒருவர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அவர் நெக்கைக் கழற்றச் சொல்வது எப்படி? நாளைக்கு உங்கள் வீட்டுக்கு ஒருவன் திருப்புளியோடு வந்தால் உள்ளே விடுவீர்களா? கழற்றி மாட்டியபின் கம்பி உயரம் மாறிவிட்டது என்று அவர் சண்டைக்கு வந்தால் யார் சரிசெய்வது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

60,000 கேட்பவர் கழற்ற விடத்தான் வேண்டும். 6,000 என்றால் நான் உறையைக்கூடத் திறக்கச் சொல்ல மாட்டேன்.

ஐந்துரோடு:

நெக்கைக் கழற்றும் முன் ஒலிபெருக்கியில் இணைத்துப் பாருங்கள். நான் பார்க்கப் போன ஜாஸ் பேஸ்காரர் "இப்போது மின்சாரம் இல்லை, சார்" என்றார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை அண்ணாந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, வேறு வழியில்லாமல், சின்ன ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார்.

இரண்டு வால்யூம் குமிழையும் முழுக்க ஏற்றினால் இரைச்சல் அடங்க வேண்டும், ஒன்றைக் குறைத்தால் தலைதூக்க வேண்டும். அதில் இரண்டும் ஏற்றியபோதுதான் தேனீக்கூடு கலைந்தது. அசல் ஃபெண்டர் என்று இதைவைத்து நிரூபிக்க முடியாது, நல்ல நகலும் இதில் தேறும். தேறாவிட்டால் பிக்கப்பையோ (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஒயரையோ யாரோ நோண்டியிருக்கிறார்கள்.

கொல்கத்தா ரசிகன், அஸ்தம்பட்டி:

எல்லாரும் அமெரிக்கா, இந்தோனேசியா என்றே பேசுகிறீர்கள். கிவ்சன் என்ற பெயரைப் பார்த்துப் போலி என்று சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அது கொல்கத்தா கிட்டார் நிறுவனத்தின் சொந்தப் பெயர், கிப்சன் என்ற அமெரிக்கப் பெயரின் எழுத்துப் பிழை அல்ல. அம்மாபேட்டைப் பெரியவர் அந்த ஸ்கொயரில் ஊரையே ஆட வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் யாராவது ஹெட்ஸ்டாக்கைத் திருப்பிப் பார்த்தார்களா? அவரிடம் சொல்லாமல் வந்தது சரிதான்.

பனிமூட்டம், ஏற்காடு:

சரியில்லை. அவர் நாளைக்கு ஒரு கல்லூரிப் பையனிடம் இதையே 60,000க்கு விற்பார். அந்தப் பையன் வீட்டுக் காப்பிக்கு யார் பதில் சொல்வது?

நாலுகம்பி, சூரமங்கலம்:

அதேதான் உறுத்துகிறது. நேற்று பெரியவரே அழைத்தார். "பிடித்திருந்தால் 5,000 குறைத்துக்கொள்கிறேன், தம்பி" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஐந்துரோடு:

சொன்ன பிறகும் விற்கிறார் என்றால், ஸ்கொயர் விலைக்கு எனக்குக் கேட்டுப் பாருங்கள். ஆடி மாதத்துக்குள் ஒரு பேஸ் வேண்டும். நெக் வளையாமல் இருந்தால் போதும்.