பனை கேட்டால் தென்னை வருகிறது: எழுத்திலிருந்து வீடியோ செய்கிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

தேரிமணல்:
வணக்கம். திருச்செந்தூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மழை பொய்த்த வருசத்தில் ஊரைக் காலிசெய்துவிட்டுக் கிளம்புகிற ஒரு குடும்பத்தை, அவர்கள் வீட்டு ஒற்றைப் பனை பேசி நிறுத்துகிற கதை ஒன்றை என் ஆச்சி சொல்லுவார்கள். அதை மூன்று நிமிட வீடியோவாகச் செய்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்துதரும் ஏஐ கருவி ஒன்றில் ஒரு மாதத்துக்குப் பணமும் கட்டிவிட்டேன்.

முதலில் முழுக்கதையையும் அப்படியே ஒட்டினேன். எட்டு விநாடி வந்தது, யாரோ ஒருவர் நடந்துபோகிறார், அவ்வளவுதான். அப்புறம் பத்தி பத்தியாகக் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டிலும் அப்பாவின் முகம் வேறு, அம்மாவின் சேலை வேறு, ஒன்றில் முக்காடு போட்டு ராஜஸ்தான் பெண்மணி மாதிரி இருக்கிறார். எல்லாவற்றையும்விட எனக்கு மனது விட்டுப்போனது மரத்தைப் பார்த்துத்தான். பனை என்று தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் 'பாம் ட்ரீ' என்று எழுதினாலும் சரி, தென்னைதான் வருகிறது. ஒருமுறை ஈச்சை வந்தது. எங்கள் பிள்ளைகள் பனங்காட்டில் ஓடி விளையாடுகிறவர்கள், தென்னையைக் காட்டி இதுதான் அந்தப் பனை என்றால் அந்த நிமிடமே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பலகை ஒன்று கேட்டேன், அதில் சுழியும் கொம்புமாக ஏதோ இருக்கிறது, எந்த மொழி எழுத்தும் இல்லை.

நான் எழுதுகிற விதம் தப்பா, இல்லை கருவியே இவ்வளவுதானா? வீட்டில் தம்பியின் கணினி இருக்கிறது, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. அதில் சொந்தமாக ஏதாவது ஓட்டமுடியுமா?

நடுநிசி ரெண்டர்:
டீச்சர், இரண்டும்தான். இந்தக் கருவிகளுக்குள் ஓடுகிற ஏஐ மாடல்களுக்குக் கதை தெரியாது. ஏராளமான வீடியோத் துண்டுகளையும் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற விவரிப்பையும் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு, பழைய டிவியில் சிக்னல் இல்லாதபோது தெரியும் புள்ளிமழை மாதிரியான ஒன்றிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலை நீக்கி எல்லா பிரேம்களையும் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களை) சேர்த்தே உருவாக்குகிறது. அடுத்த துண்டுக்குப் புதுப் புள்ளிமழை. போன துண்டில் அப்பாவுக்கு என்ன முகம் கொடுத்தோம் என்பது அதற்கு நினைவில் இருக்காது, அதனால்தான் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்.

நீளம் ஏன் இவ்வளவு குறைவு என்றால், அலிபாபா 2025 பிப்ரவரியில் இலவசமாக வெளியிட்ட வான் 2.1 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 16 பிரேம், ஐந்து விநாடிக்கு 81 பிரேம். நேரவாக்கில் நான்கில் ஒன்றாகவும் அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒன்றாகவும் சுருக்கி, அதையும் இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டிய பிறகும், 480பி அளவில் ஒரு துண்டுக்கு 32,760 சில்லுகள் (மாடல் கையாளுகிற சிறு கட்டங்கள்) வருகின்றன, ஒவ்வொரு சில்லும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடப்படவேண்டும். நீளத்தை இரட்டித்தால் அந்த ஒப்பிடும் வேலை நான்கு மடங்கு. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ தன் வீடியோ மாடலான சோராவை அறிவித்தபோது ஒரு நிமிட வீடியோ காட்டினார்கள், அதே டிசம்பரில் மக்கள் கைக்கு வந்தபோது உச்சவரம்பு 20 விநாடிதான். கூகுளின் வியோ 3 பேச்சும் சத்தமும் சேர்த்தே தந்தது, ஆனால் எட்டு விநாடி.

பனைக்கு வருகிறேன். 'பாம் ட்ரீ' என்ற பெயரோடு இணையத்தில் கிடக்கிற படங்களில் பெரும்பாலும் கடற்கரைத் தென்னைதான் இருக்கும், அது கற்றது அதைத்தான். 'பால்மைரா பாம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, விசிறி போல விரிந்த ஓலை, கிளையில்லாத கறுத்த தண்டு என்றும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சம் தேறும். ஆனால் எழுத்தை நம்பவேண்டிய அவசியமே இல்லை, உங்கள் ஊர்ப் பனையைப் போனில் படம் எடுத்து அதையே முதல் பிரேமாகக் கொடுங்கள். இப்போது அநேகமாக எல்லாக் கருவியிலும் அந்த வசதி இருக்கிறது. தமிழ் எழுத்தை மாடலிடம் கேட்கவே வேண்டாம். வான் 2.1 வந்தபோதே வீடியோவுக்குள் சீன, ஆங்கில எழுத்து வரும் என்றுதான் சொன்னார்கள். பலகையை வெறுமையாக வாங்கி எடிட்டிங்கில் எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி கணினிக்கு வானின் அடுத்த பதிப்பான 2.2-இல் இருக்கிற சின்ன மாடல் (5 பில்லியன் அளவுருக்கள் கொண்டது) சரியாக இருக்கும், எழுத்து, படம் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். இந்த மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்ட உதவும் கம்ஃபி யூஐ என்ற இலவச மென்பொருள் வழியாக 8 ஜிபி கார்டிலும் ஓட்டலாம், ரேம் மட்டும் தாராளமாக வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஒட்டும் வெட்டும்:
கல்யாண வீடியோ எடிட்டிங்கில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் டீச்சர். முதலில் கதையை உங்கள் குரலில், ஆச்சி சொன்ன அதே பேச்சில் முழுவதும் பதிவுசெய்துவிடுங்கள். படத்தைக் குரலுக்கு ஏற்ப வெட்டுவது சுலபம், குரலைப் படத்துக்குள் அடைப்பது கொடுமை. மூன்று நிமிடத்துக்கு, ஷாட்டுக்கு நாலைந்து விநாடி என்று வைத்தால் ஏறக்குறைய நாற்பது ஷாட்.

பிறகு கேமராவுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை' என்று எழுதினால் அது என்ன செய்யும், பாவம். 'வெளிறிய நீலக் கைலி கட்டிய ஐம்பது வயது ஆள் சாக்கு மூட்டையைக் கயிற்றால் இறுக்குகிறார், பாதியில் கை நின்றுவிடுகிறது' என்று எழுதுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரே ஒரு செயல். ஆளைப் பற்றிய அந்த வரியை எல்லா ஷாட்டிலும் எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். அப்படியும் முகம் மாறும், அதனால் எல்லாவற்றிலும் முகத்தைக் காட்டாதீர்கள்: முதுகு, கை, மணலில் பதியும் கால், நிழல். ஒரு துண்டின் கடைசி பிரேமை அடுத்ததற்கு முதல் பிரேமாகக் கொடுத்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள், நாலாவது துண்டிலேயே நிறம் கெட்டு முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஷாட்டுக்கு ஒரு படம் தனியாகக் கொடுப்பது நல்லது.

ஓலைப்பெட்டி:
எங்கப்பா முப்பது வருசம் பனையேறினவர், அதனால் இதைச் சொல்லாமல் போக மனசில்லை. இந்த மாதிரி ஏஐ வீடியோ ஒன்றில் ஒருத்தர் பனை ஏறுவதைப் பார்த்தேன். காலில் தளைநார் (ஏறும்போது இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வளையம்) இல்லை, இடுப்பில் அரிவாள் பெட்டி இல்லை, கலயம் பாளையில் கட்டாமல் ஓலை மட்டையில் தொங்குகிறது, கால் மரத்தில் படவே இல்லை, வழுக்கிக்கொண்டு மேலே போகிறார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டி இறக்கினால்தான் அது பதநீர். அதைச் செய்கிற மனுசனின் உடம்பில் இருக்கிற கணக்கு அந்த மாடலுக்கு யாரும் காட்டாத விசயம். உங்கள் வகுப்பிலேயே பனையேறி வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை முன்னால் தப்பாகக் காட்டாதீர்கள் டீச்சர். இப்போது பதநீர்க் காலம்தான், ஊரில் ஏறுகிறவர் ஒருவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் போனில் எடுங்கள், எடுத்ததை முதலில் அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். மரம் பேசுகிற இடம், வானம் வறண்டுபோகிற இடம், அதற்கெல்லாம் கருவி இருக்கட்டும்.

தேரிமணல்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குப் போய் எங்கள் தெரு முனைப் பனையைப் படம் எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவை கேமரா பறந்துபோய் மரத்தைச் சுற்றி வந்தது, 'கேமரா அசையாமல் நிற்கிறது, ஓலைகள் மட்டும் காற்றில் அசைகின்றன' என்று சேர்த்ததும் அப்படியே வந்தது, அசல் எங்கள் பனை, பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. முப்பது தடவை ஓட்டியதில் ஏழு ஷாட் தேறியிருக்கிறது. பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் ஏறுவதைப் படம்பிடிக்கச் சம்மதித்தார், போட்டுக்காட்டியபோது இடுப்புப் பெட்டி தெரியவில்லை, இன்னொரு தடவை எடு என்று அவரே சொன்னார். ஒரு சந்தேகம், யூடியூபில் போட்டால் ஏஐ என்று சொல்லவேண்டுமா?

நடுநிசி ரெண்டர்:
நிஜம் என்று பார்க்கிறவர் நம்பக்கூடிய காட்சி என்றால் சொல்லவேண்டும், 2024 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது, பதிவேற்றும்போதே கேட்பார்கள். உங்கள் பனை ஷாட் நிஜம் மாதிரியேதான் இருக்கும், அதனால் ஆம் என்று குறித்துவிடுங்கள். அண்ணாச்சி வருகிற பகுதி நிஜமாக எடுத்தது என்பதையும் விவரத்தில் எழுதுங்கள், அவருக்குச் சேரவேண்டியது அது.

ஒட்டும் வெட்டும்:
குரல் பதிவு ஆகிவிட்டதா டீச்சர்? மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள். இரைச்சல் வந்துவிட்டால் இங்கே போடுங்கள், நான் சுத்தம் செய்து தருகிறேன்.