அப்பாவின் யூரின் கல்ச்சரில் ஈஸ்ட் வந்திருக்கிறது, ஆனால் டாக்டர் மருந்து வேண்டாம் என்கிறார்

கவலையில்_மகள்:
அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. நிமோனியா என்று ஐசியூவில் சேர்த்து இன்றோடு 12 நாள். முதல் நாளே யூரின் டியூப் போட்டார்கள், ஆன்டிபயாடிக்கை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. நேற்று வந்த யூரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேண்டிடா என்ற ஈஸ்ட், எண்ணிக்கை 1 லட்சத்துக்கு மேல். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் "டியூபை எடுத்துவிடலாம், மருந்து இப்போது தேவையில்லை" என்கிறார். காய்ச்சல் விட்டு 3 நாளாகிறது, வலி ஏதும் இல்லை. இவ்வளவு பூஞ்சையை அப்படியே விட்டால் ரத்தத்தில் கலந்துவிடாதா? மருந்து கேட்டு வற்புறுத்தலாமா?

ஐசியூ_நர்ஸ்:
பயப்படாதீர்கள் அம்மா. டியூப் போட்டு, ஆன்டிபயாடிக்கும் ஓடுகிற சர்க்கரை நோயாளிகளிடம் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். டியூபின் உள்சுவரில் கேண்டிடா வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் எண்ணிக்கை எகிறத்தான் செய்யும். பழைய டியூபிலிருந்து எடுத்த சாம்பிளா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் தினமும் காலையில் "டியூப் இன்றும் அவசியமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொற்றுநோய்_மருத்துவர்:
உங்கள் டாக்டர் செய்வது சரி. ஆன்டிபயாடிக், ஈஸ்ட்டை அடக்கி வைத்திருந்த பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது, சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் ஈஸ்ட்டுக்கு அதுவே தீனி, ஏறி வர டியூப் வழிவிடுகிறது. டியூப் இருக்கும்போது அந்த 1 லட்சத்தை வைத்து நோயா, வெறுமனே குடியிருக்கிறதா என்று பிரிக்க முடியாது, சிறுநீரில் சீழ் செல்கள் இருப்பதும் அதற்கு உதவாது. ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

2000-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரில் கேண்டிடா இருந்தும் அறிகுறி இல்லாத அல்லது மிக லேசாக இருந்த 316 பேரில் ஒரு பகுதியினருக்கு 14 நாள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து ஓடும்வரை பலருக்குச் சிறுநீர் சுத்தமானது, நிறுத்தி இரண்டு வாரத்தில் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே நிலை. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் அறிகுறி இல்லாவிட்டால் மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், எடை மிகக் குறைவாகப் பிறந்த குழந்தைகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

ரத்தத்தில் கலப்பது பற்றிக் கேட்டீர்கள். பாதையில் அடைப்பு இல்லாதபோது சிறுநீரிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவது அபூர்வம். மாறாக, ரத்தத்தில் இருக்கும் கேண்டிடா சிறுநீரகம் வழியாக இறங்கி யூரினில் தெரிவது உண்டு. ஆகவே மறுபடி காய்ச்சல், குளிர் நடுக்கம், பிபி இறக்கம், விலாப்பக்க வலி என்று எது வந்தாலும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு வற்புறுத்தலாம், மருந்துக்கு வேண்டாம். ஃப்ளூகோனசோல் சும்மா கொடுக்கும் மருந்தும் அல்ல, சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டிவிடும்.

அம்மாவின்_பிள்ளை:
எங்கள் அனுபவம் வேறு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குக் கல் அடைப்புக்காகச் சிறுநீர்ப் பாதையில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்திருந்தார்கள், காய்ச்சலும் இடுப்பு வலியும் இருந்தது. ரிப்போர்ட்டில் வெறும் "கேண்டிடா" என்றுதான் இருந்தது, ஒரு வாரம் ஃப்ளூகோனசோல் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. எந்த வகை என்று பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்ட பிறகுதான் கிளாப்ரேட்டா என்ற வகை என்று தெரிந்தது. ஆம்போடெரிசின் என்ற வேறொரு பூஞ்சை மருந்தைப் போட்டு, ஸ்டென்ட்டையும் மாற்றினார்கள், சிறுநீரகம் தாங்குகிறதா என்று கிரியேட்டினினைத் தினமும் பார்த்தார்கள். அந்த ஒரு வாரம் வீணாகப் போனதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தொற்றுநோய்_மருத்துவர்:
மேலே சொன்னது முக்கியம். அறிகுறி இருந்தால் வகை தெரிந்தே ஆக வேண்டும். ஃப்ளூகோனசோல் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரிலேயே வெளியேறுவதால் அல்பிகன்ஸ் வகைக்கு நன்றாக வேலை செய்யும், கிளாப்ரேட்டா பல சமயம் அதற்கு மசியாது, குருசேய் மசியவே மசியாது. காஸ்போஃபங்கின் போன்ற புதிய பூஞ்சை ஊசிகளோ சிறுநீரில் போதிய அளவு சேர்வதில்லை. அடைப்பு சந்தேகம் இருந்தால் ஸ்கேனும் எடுக்க வேண்டும், பூஞ்சை உருண்டையாகத் திரண்டு பாதையை மறிப்பதுண்டு.

கவலையில்_மகள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை டியூபை எடுத்துவிட்டார்கள், அப்பா தானாகவே இரண்டு முறை சிறுநீர் போனார். சாம்பிள் அந்தப் பழைய டியூபிலிருந்து எடுத்ததுதானாம். ஸ்கேன் பற்றியும் மாலை ரவுண்ட்ஸில் கேட்கிறேன்.