உச்சிக்குழியும் கடுகுத் தலையணையும்

*சத்துவாச்சாரி வீட்டு உறவுகள்* (வாட்ஸ்அப் குழு)

மல்லிகா பெரியம்மா: சுதா, பாப்பாவுக்குப் பின்தலை வலப்பக்கம் தட்டையா கீதே. கடுகுத் தலையணை தெச்சி அனுப்பட்டா? குளிப்பாட்டறப்ப எண்ணெ வெச்சி நல்லா உருட்டிவிடு.

கலா அத்தை: அக்கா, ரெண்டுமே வேணாம். ஒரு வயசு வரைக்கும் தலையணையே கூடாது, மூக்கு புதைஞ்சா அதுவா திருப்பிக்கத் தெரியாது. கையால உருட்டறதும் வேணாம். மண்டையை உருட்டறது உள்ளே வளர்ற மூளைதான். பொறக்கறப்ப 350–400 கிராம், ஒரு வயசுல ரெண்டு மடங்குக்கும் மேல. அதுக்கு எடம் விடத்தான் எலும்புங்க ஒட்டாம நிக்குது. பின் உச்சிக்குழி ரெண்டு மூணு மாசத்துல மூடிக்கும். முன் உச்சி பெரும்பாலும் ஒண்ணுலேருந்து ஒன்றரை வயசுக்குள்ள.

சுதா: அப்ப இந்தத் தட்டை எதனால அத்தை? 4 மாசம் முடிஞ்சிது.

பிரபு மாமா: பாப்பாவை மடியில உக்கார வெச்சி, முடியை ஈரம் பண்ணி ஒட்டிட்டு, உச்சிக்கு நேர் மேலேருந்து போட்டோ எடும்மா. மூக்கும் ரெண்டு காதும் தெரியணும். சாய்ச்சு எடுத்தா இல்லாத கோணல் தெரியும்.

சுதா: 📷

பிரபு மாமா: வலக்காது கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கு. அதே பக்க நெத்தியும் லேசா முன்னாடி வந்திருக்கு. மொத்தத்துல இணைகரம் மாதிரி. இது ஒரே பக்கம் படுத்ததால வர்ற அழுத்தம், பயமில்ல. மண்டை எலும்புங்க சேர்ற கோட்டைத் தையல்னு சொல்வாங்க. பின்பக்கத் தையல் முன்கூட்டியே ஒட்டிருந்தா காது பின்னாடியும் கீழயும் இழுத்திருக்கும், காதுக்குப் பின்னால எலும்பு புடைக்கும், மேலேருந்து பாத்தா சரிவகமா தெரியும். அது ரொம்ப அபூர்வம்.

தூங்கறது எப்பவும் மல்லாக்கத்தான், அதை மாத்தாதே. முழிச்சிருக்கறப்ப பக்கத்துலயே இருந்து குப்புறப் போடு. ரெண்டு மூணு நிமிஷத்துல ஆரம்பிச்சி, நாளெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வரட்டும். பால் குடிச்ச உடனே வேணாம், கக்கிடும். பாயில தலைமாட்டைத் தினம் மாத்து. வெளிச்சமும் உன் குரலும் இடப்பக்கத்துலேருந்து வந்தா தானா திரும்பும். ஏணையில ரொம்ப நேரம் விடாதே, தாடை நெஞ்சில மடியும், தலையும் நகராது. இடப்பக்கம் திரும்ப மாட்டேங்குதுன்னா கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதைப் பிசியோதெரபிஸ்ட் பாக்கணும், நீயா இழுக்காதே.

மல்லிகா பெரியம்மா: எதிர்வீட்டுப் பையன் தலை நீட்டமா கீதே, அது?

கலா அத்தை: நடு உச்சியில முன்னிருந்து பின்னாடி கோடு போட்ட மாதிரி மேடு கைக்குத் தட்டுப்பட்டா உடனே காட்டச் சொல்லுக்கா. நடுத்தையல் ஒட்டிட்டா அகலத்துல வளர முடியாது, நீளத்துல ஓடும். 1851லயே ஜெர்மன் டாக்டர் விர்ஹோ இதை எழுதி வெச்சிட்டார். சில மாசக் குழந்தையா இருக்கறப்பவே காட்டினா சின்ன அறுவையிலயே முடிய வாய்ப்புண்டு. நம்ம ஊர்ல அதுக்கு அலையத் தேவையில்ல. இந்தியாவுல முதல் நரம்பு அறுவைத் துறையே 1949ல நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலதான் தொடங்குச்சு. மேடு இல்லாத வெறும் நீட்டத் தலைன்னா அது பரம்பரை வாகாவும் இருக்கலாம்.

தினேஷ்: பெரியம்மா, அழிஞ்சு போன பழைய மனுச இனமான நியண்டர்தால்களோட தலையும் நீட்டம்தான். பொறக்கறப்ப அவங்க குழந்தை மண்டையும் நம்ம குழந்தை மண்டையும் கிட்டத்தட்ட ஒரே வாகு. முதல் வருஷத்துலதான் பிரியுது. நமக்கு மேல்பக்க மூளையும் சிறுமூளையும் புடைச்சு மண்டை உருண்டையாவும். அவங்களுக்கு அந்தக் கட்டமே கிடையாது.

மொராக்கோவுல ஜெபல் இர்ஹூத்துல கிடைச்ச மண்டைங்க சுமார் 3 லட்சம் வருஷப் பழசு. முகம் நம்மள மாதிரி, மூளை அளவும் நம்ம அளவு, ஆனா மண்டை நீட்டம். இன்னைக்கு இருக்கற உருண்டை 1 லட்சத்துலேருந்து 35,000 வருஷத்துக்கு முன்னாடிக்குள்ளதான் முழுசா வந்திச்சி. அளவு முதல்ல, வடிவம் ரொம்பப் பின்னால.

சுதா: மூளை மக்கிடுமே, எப்படித் தெரிஞ்சிது?

தினேஷ்: மண்டை உள்சுவர்ல அதோட வடிவம் பதிஞ்சிருக்கும். இப்ப ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல வார்ப்பு எடுக்கறாங்க.

கலா அத்தை: முன்னல்லாம் மண்டைக்குள்ள எவ்ளோ எடம்னு அளக்கக் கடுகுதான். கண்குழி ஓட்டையெல்லாம் பஞ்சால அடைச்சிட்டு, அடித்துளை வழியா கடுகு ரொப்பி, தட்டி இறக்கி, அளவுக்குழாயில கொட்டிப் பாக்கணும். எவ்ளோ தட்டறோமோ அதைப் பொறுத்து ஒரே மண்டைக்கு வேற வேற அளவு வரும். அதனாலதான் சிலர் ஈயக் குண்டுக்கு மாறினாங்க.

தினேஷ்: அடிப்பாகமே இல்லன்னா இன்னும் கஷ்டம். 1982ல அருண் சொனாகியா நர்மதைக் கரையில ஹத்னோராவுல கண்டெடுத்தது ஆதிமனுசனோட மேல்மண்டை மட்டும்தான். அதனால 1155லேருந்து 1421 கன செ.மீ. வரைக்கும் ஆளாளுக்கு ஒரு கணக்கு.

மல்லிகா பெரியம்மா: பெரிய தலைன்னா புத்தி ஜாஸ்தியா?

கலா அத்தை: இல்லக்கா. நியண்டர்தால் மூளை சராசரியில நமக்குச் சமம், பெரிசுன்னும் சொல்லலாம். தலை அகலத்தை நீளத்தால வகுத்து நூறால பெருக்கி, 75க்குக் கீழன்னா நீளத் தலை, 80க்கு மேலன்னா அகலத் தலைன்னு பிரிப்பாங்க. மெட்ராஸ் மியூசியத்துல இருந்த தர்ஸ்டன் இதே மாதிரி அளந்து சாதி சாதியா பட்டியல் போட்டார். ரொம்பத் தப்பான வேலை. அமெரிக்காவுல குடியேறினவங்களுக்கு அங்க பொறந்த பிள்ளைங்க தலை அளவு பெத்தவங்களோடதுலேருந்து மாறியிருக்குன்னு மானிடவியல் அறிஞர் போவாஸ் 1911லயே காட்டிட்டார்.

பிரபு மாமா: சுதா, தலைச்சுற்றளவு எடுத்தியா? புருவத்துக்கு மேல, காதுக்கு மேல, பின்னாடி ரொம்பப் புடைச்ச எடம். மூணு தரம் எடுத்து, பெரிசை எழுது. பழைய தையல் டேப் நீண்டிருக்கும், வேணாம்.

சுதா: 41 மாமா. மூணாம் மாசம் 39.8.

பிரபு மாமா: சரியா இருக்கு. முதல் மூணு மாசம் மாசத்துக்கு 2 செ.மீ., ஆறு வரைக்கும் 1, அப்புறம் அரை செ.மீ. தடுப்பூசி அட்டையில குறிச்சி வை. நாலு வாரம் கழிச்சி இதே மாதிரி போட்டோ அனுப்பு.

மல்லிகா பெரியம்மா: வேலூர் வெயில்ல உச்சி உள்ள போன மாதிரி கீதுன்னா?

கலா அத்தை: குழந்தை அமைதியா உக்காந்திருக்கறப்ப லேசா பள்ளமா இருக்கறது சகஜம். நல்லா குழிஞ்சி, மூத்திரமும் குறைஞ்சிருந்தா நீர்ச்சத்து போயிடுச்சி. தாய்ப்பாலை அடிக்கடி குடுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட கிளம்பணும், உச்சியில விளக்கெண்ணெ வெச்சி காத்திருக்கக் கூடாது. அழாதப்பவும் உச்சி புடைச்சி நின்னா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிதான்.